வீட்டில் ஒரு ஆள்

சித்திரை பிறந்த மறுநாள்
பழையாறு முகத்துவாரம் தாண்டி உள்ளே வந்து
விசைப்படகெல்லாம் விலாவோடு விலா இடித்து நின்றுவிடும்.
அன்றிலிருந்து என் வீட்டில் ஒரு ஆள்.

ஆறடி. பெயர் நாகூரான்.
முன்னால் பிறந்த மூன்றும் தங்காததால்
தர்காவுக்கு நேர்ந்துகொண்டு மாமியார் வைத்த பெயர்.
நடுவீட்டில் நீட்டிப் படுத்தால்
அடுப்படிக்கு அவரைத் தாண்டித்தான் போக வேண்டும்.
ஆம்பளையைத் தாண்டக் கூடாதாம்.
சுற்றிப்போக, இது அரசாங்கம் கட்டிய வீடு,
சுவரைத்தான் இடிக்க வேண்டும்.

பத்து நாள் வலை பொத்துவார்.
வலை முடிந்ததும் வீட்டைப் பொத்துவார்.
கிழிந்த புத்தகப் பையை நரம்பால் தைத்துத் தந்தார்,
சுறாவே மாட்டினாலும் பிய்யாது.
துணிக்கொடிக்குப் போட்ட முடிச்சு
புயலுக்கும் அவிழாது, எனக்கும் அவிழாது.
சொட்டிய குழாயை இறுக்கினார் பாருங்கள்,
நானும் மகளும் சேர்ந்து திருகினோம்,
ஒரு சொட்டு வரவில்லை.

துளசிமதி கல்லூரிக்கு மனுப் போடுகிறாள்.
"அப்பா, நம்ம எந்த வருசத்துலேர்ந்து இந்த ஊரு?"
அவர் விட்டத்தைப் பார்த்து எண்ணுகிறார்:
ஐஸ் கம்பெனி வந்த வருசம்,
அதுக்கு முன்னாடி, கட்டுமரத்துல முதல்முதலா மோட்டார் வச்சு
அஞ்சப்பன் சித்தப்பா ஊரையே சிரிக்க வச்ச வருசம்,
அதுக்கும் முன்னாடி, பஸ்சு புதுப்பட்டினத்தோட திரும்பிப் போன காலம்.
"நம்பரா சொல்லுப்பா, கட்டத்துல நாலு எழுத்துதான் போகும்."
"நீ பொறந்த வீடு இருக்கே, அந்தத் தெரு..."
சொல்லி, கையைக் கிழக்கே நீட்டினார்.
அங்கே அலைதான்.
அவள் அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டாள்.

வைகாசியில் லாரியில் மீன் வந்தது,
எங்கள் ஊருக்கு, மங்களூரிலிருந்து மத்தி.
பைபர் படகு பிடிப்பதெல்லாம்
கரையிலேயே வியாபாரி கைக்குப் போய்விடுகிறது.
கூடையோடு நான் வரிசையில் நிற்க
பின்னால் வந்து நின்றார்.
செவுளை விரலால் தூக்கிப் பார்த்து
"அஞ்சு நாள்" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை.
அரைக்கிலோ வாங்கினோம்.
துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார்.
குழம்பு நன்றாகத்தான் இருந்தது.
இரண்டாவது தடவை கேட்கவில்லை.

சீர்காழி பஸ்சில் ஒருநாள்
பக்கத்து சீட்டில் ஒரு சம்சாரி,
மடியில் விதைநெல் சாக்கு.
"ஒங்களுக்கு இன்னும் எத்தனை நாளு?"
"நாலு. ஒங்களுக்கு?"
"நாளைக்கு மேட்டூர் தொறக்குறாங்க.
தொறந்து என்ன, கல்லணைக்கு வந்து, அணைக்கரைக்கு வந்து
எங்க வாய்க்கால நனைக்கிறதுக்குள்ள ஆடி பொறந்துரும்.
நாங்க கடைமடை."
"நீங்க கடைமடைன்னா நாங்க யாரு?
ஒங்க வயல்ல மிஞ்சி வந்தாத்தான்
எங்க வாய்ல மணல் கரையும்.
இல்லன்னா படகு தட்டும்."
இருவரும் சிரித்தார்கள்.
கொள்ளிடம் பாலத்தருகே ஜன்னல் வழியே
ஒரே நேரத்தில் எட்டிப் பார்த்தார்கள்,
மணல், நாணல், நடுவில் ஒரு நாய்.

ஆனி பிறக்கும் முன்னே
டீசல் கேனும் ஐஸ் பாரும் ஏறிவிட்டன.
எஞ்சினுக்குப் பொட்டு வைத்து
எலுமிச்சம்பழம் நசுக்கினார்கள்.
வாசலில் நின்று "பாத்துக்க" என்றார்.
எதை என்று நானும் கேட்கவில்லை.
நள்ளிரவு தாண்டியதும் நூறு எஞ்சின் ஒன்றாய் இருமி
ஒவ்வொன்றாய்த் தேய்ந்து போனது.
மணல் தட்டியதாகச் சேதி இல்லை.

தண்ணீர் குடிக்க எழுந்தேன்.
நடுவீடு முழுக்கத் தரை.
பாதி வழியில் கால் தானாகத் தயங்கிச்
சுவரோரம் ஒட்டிப் போனது.

குழாய் இன்னும் திறக்கவில்லை.
பவுனம்பாள் வீட்டில் குறடு இருக்கிறது.
நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்,
அண்டாவில் இருக்கிறது தண்ணீர்.